மறுநாள் பிடித்த பிரேக்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருடம் என்பது எந்தக் கோபத்துக்கும் அதிகம்.

நேற்று நல்லம்பள்ளிப் பட்டறையில் என் காருக்குப் பிரேக் ஆயில் மாற்றினேன். வேலை முடிந்ததும் மேஸ்திரி, மீந்த கால் பாட்டிலின் மூடியை முறுக்கி என்னிடம் நீட்டினார். "வெச்சுக்குங்க சார். கொறஞ்சா ஊத்திக்கலாம், எதுக்கு வீணாக்கணும்?" வெளிர்மஞ்சளாக, விளக்கெண்ணெய் போலச் சாதுவாக இருந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிட்டேன். இப்போது இந்த மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் உனக்கு எழுதுகிறேன்.

நீயும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. பிறகு நான் வேதியியல் படித்து ஆசிரியனானேன். நீ வேன் வாங்கிப் பாலக்கோட்டுத் தக்காளியைச் சேலத்துக்கு ஏற்றினாய். அதனால் நம் நட்பு குறையவில்லை. குறைத்தது இதே பட்டறையில் நடந்த ஒரு பேச்சு.

அன்று உன் வேனின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. மேஸ்திரி கசிவை அடைத்துவிட்டு ஆயில் கேட்டார். நீ சீட்டுக்கு அடியிலிருந்து அரை பாட்டில் ஒன்றை எடுத்தாய். அதற்கு முந்தின மழைக்காலத்துக்கும் முன்னால் திறந்தது. மூடி உடைந்து, வாயில் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. நம் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். மீந்ததை எறிய யாருக்கும் மனம் வராது.

"அதை ஊத்தாதே" என்றேன். "திறந்து வெச்சது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்திருக்கும்."

நீ மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணடித்தாய். "ஏன் வாத்தியாரே, இது என்னா உப்பு ஜாடியா? ஈரம் கோத்துக்கறதுக்கு?"

பட்டறையே சிரித்தது. மேஸ்திரி விடவில்லை. "சார் பாடம் நடத்தறாருங்க. எல்லாரும் நோட்டை எடுங்க."

அந்த அரை பாட்டிலே உன் வண்டிக்குள் போயிற்று. மறுநாளிலிருந்து டீக்கடையில் எனக்கு 'ஈர வாத்தியார்' என்று பெயர். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தாலும் யாராவது ஒருவன், "சார், இன்னிக்கு ஈரம் எப்படி?" என்பான். நீ ஒரு முறையாவது அவர்களை அதட்டியிருக்கலாம். நீயும் சேர்ந்து சிரித்தாய். படித்தவனைக் கேலி செய்வதில் நம் ஊருக்கு இருக்கும் சந்தோஷம் எனக்குப் புதிதல்ல. உன்னிடமிருந்து வந்ததுதான் புதிது. உன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தொப்பூர் இறக்கத்தில், முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தில் உன் வேன் மோதியது. வண்டி நிறையச் சுமை. பக்கத்தில் உன் அண்ணன். உனக்கு நெற்றியில் நான்கு தையல். அவருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று.

"மிதிச்சேன். பெடல் அப்படியே கீழ போயிடுச்சு" என்று நீ ஆஸ்பத்திரியிலேயே சொன்னாய். மறுநாள் காலை வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டியை உருட்டியும் பார்த்தார்கள். பிரேக் பிடித்தது. அவர் கண்டதை எழுதினார். ஊர் காணாததையெல்லாம் சேர்த்துக்கொண்டது. தூங்கிவிட்டான், போனில் பேசினான், குடித்திருந்தான். உன் அண்ணன் பொம்மிடிக்கே குடிபோய்விட்டார். "கால் போனதுகூடப் பரவாயில்ல. மிதிச்சேன்னு பொய் சொல்றான் பாரு" என்று அவர் சொன்னதாக எனக்கே வந்து சொன்னார்கள்.

எனக்கு அன்றே தெரியும். அது பெயரில்தான் ஆயில். திறந்த நாளிலிருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் கலந்துகொள்ளும். நிறம் மாறாது, பார்த்தால் புதிது போலவே இருக்கும். ஆனால் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நீண்ட இறக்கத்தில் சுமையோடு மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் சூடு ஏறி அது உள்ளேயே கொதித்து ஆவியாகும். திரவம் அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆவி நசுங்கிக்கொடுக்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மறுநாள் யார் மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். நீ கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியிருப்பாய். அது உன் தப்பு, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் நீ மிதித்தாய்.

ஒரு மாலை நீ என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாய். நெற்றித் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"உள்ள வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கீழ போன பெடலு மறுநா தானா மேல வருமாடா? நீ படிச்சவன். வரும்னா, எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா அவரு நம்ப மாட்டேங்கறாரு."

ஐந்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அப்போதே உன்னோடு பஸ் ஏறியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "எனக்கென்ன தெரியும்? நான் உப்பு ஜாடிக்குப் பாடம் நடத்தறவன்."

நீ கோபப்படவில்லை. "சரி வாத்தியாரே, வரேன்" என்று திரும்பினாய். நீ தெருமுனை திரும்பும்வரை நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நீ வண்டி ஓட்டவில்லை. யாரிடமும் வாதாடவும் இல்லை. போன மாதம் மாரடைப்பு. கல்லறையில் எல்லோரும் வரிசையாக வந்து ஒரு பிடி மண் போட்டோம். உன் அண்ணன் பொம்மிடியிலிருந்து வந்திருந்தார். ஊன்றுகோலோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். பங்குச் சாமியார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. மண் போட்டுவிட்டு நான் அவரைத் தாண்டித்தான் வெளியே போனேன். அப்போதும் பேசவில்லை.

மேஸ்திரி மேலும், டீக்கடைக்காரர்கள் மேலும், ஏன், உன் மேலும்கூட எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் 'எனக்கென்ன தெரியும்' என்று நான் சொன்ன அந்த வார்த்தை, அதையெல்லாம்விடக் கனமாக எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்ததற்காகவே சம்பளம் வாங்குகிறவன் சொன்ன வார்த்தை அது.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது. உன் அண்ணனுக்குச் சேரும். உறையில் பொம்மிடி விலாசம் எழுதிவிட்டேன். படித்தால் நீ மிதித்தாய் என்பது அவருக்குத் தெரியும். எழுதியது யார் என்பதும் தெரிந்துவிடும், தெரியட்டும். ஆனாலும் அடியில் என் கையெழுத்து இருக்காது. எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழ் நகலில் 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நீ என் படியில் நின்று கேட்ட அன்று போட்டிருக்க வேண்டியதை இப்போது போட எனக்கு உரிமையில்லை. இனி உறையை ஒட்டி, பெயரில்லாமலே தபாலில் போடப்போகிறேன்.