இன்னொரு பொட்டலம்

பினாங்கு
3-4-1932

அன்புள்ள அக்கா வடிவம்மாளுக்குத் தம்பி வாசு எழுதுவது. நான் சுகம். நீயும் சின்னையா மச்சானும், பிரசவத்துக்கு உன்னிடம் வந்திருக்கும் என் புஷ்பவள்ளியும் சுகமாயிருக்க முருகன் துணை.

உன் தம்பி இப்போது தொங்கான் படகுத் தொழிலாளர் சங்கத் தலைவர்! மூட்டை தூக்குகிறவன்தானே என்று சிரிக்காதே. பத்து நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். என்னை எதிர்த்து ஒரு பெயர்கூட வரவில்லை. குழுவின் ஐந்து பேரும் ஒரே மனதாக என்னைச் சொன்னார்கள். எனக்குத்தான் தயக்கம். சாமி உத்தரவு கேட்போம் என்றேன். செயலாளர் உடனே கோயிலில் பூக்கட்டிப் போட்டார். சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். நான் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி! மற்றதை அவரே பக்தியோடு கடலில் விட்டுவிட்டு வந்தார்.

கூலி உயர்வு கேட்டுத் துரைக்கு மனு போகிறது. தலைவர் கையெழுத்து மட்டும் போதுமாம். எவ்வளவு மரியாதை பார்.

உன் தம்பி
வாசு (தலைவர்)

சுங்கை பாக்காப்
9-4-1932

தம்பிக்கு ஆசீர்வாதம். உன் கடிதத்தைக் கேட்டுப் புஷ்பவள்ளி பூரித்துப்போனாள். எனக்கோ வெள்ளையன் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

பொங்கல் கழிந்ததும், கூலி மனு கொடுத்தார் என்று சர்க்கார் அவரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பியதே, அவர்தானே போன தலைவர்? அந்த மனுவிலும் ஒற்றைக் கையெழுத்துதானே? அவர் பெண்சாதி இங்கே பக்கத்தில் பத்து காவான் தோட்டத்தில் பிள்ளைகளோடு திண்டாடுகிறாள்.

சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய்க்குக்கூட இரண்டு பேர் மல்லுக்கு நிற்பார்கள். இந்த நாற்காலிக்கு ஒருவரும் வரவில்லையென்றால் ஏன் என்று யோசிக்க மாட்டாயா? பூக்கட்டினால் எடுக்காத பொட்டலத்தையும் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டுவதுதானே முறை? நீ பார்த்தாயா? அது தெரியாமல் கையெழுத்துப் போடாதே.

அக்கா
வடிவம்மாள்

பினாங்கு
20-4-1932

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் கோபத்தில் பதில் எழுதவில்லை. நேற்று கோயில் வாசல் பூக்காரியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "வெள்ளப் பூவா? அவங்க அன்னிக்குச் செவப்பு அரளி மட்டுந்தான தம்பி வாங்கினாங்க" என்றாள்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. என் தோளில் கைபோட்டு, "யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல தம்பி" என்றார்.

இரண்டு நாளாக என் அறைக்கு எதிரே ஒரு போலீஸ்காரர் சைக்கிளோடு நிற்கிறார். பயமாயிருக்கிறது அக்கா. மனுவைத் திரும்ப வாங்கலாமென்றால், கூலி உயருமென்று நானூறு பேர் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள். புஷ்பவள்ளியிடம் எதுவும் சொல்லாதே.

வாசு

சுங்கை பாக்காப்
12-5-1932

வாசு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மச்சான் பினாங்குக்குப் போய்ப் பார்த்தார். உன் அறை பூட்டிக் கிடக்கிறதாம், கேட்டால் எல்லாரும் தெரியாது என்கிறார்களாம். கப்பலேற்றியிருந்தால் ஊருக்குத்தானே போயிருப்பாய் என்று பெரியப்பா விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். உன் மூக்கு அப்படியே. நீ வேலையாக இருக்கிறாய் என்று புஷ்பவள்ளியிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த ஐந்து பேரும் வெற்றிலை பாக்கோடு இங்கே வந்தார்கள். மச்சான் வேலை செய்யும் தோட்டத்தில் சங்கக் கிளை தொடங்குகிறார்களாம். தலைவர் உன் மச்சானாம். போட்டியே இல்லையாம். மச்சான் வாய் திறக்குமுன்னே செயலாளர் நம் வீட்டு முருகன் படத்தடியில் இரண்டு பொட்டலங்களை வைத்தார். நான் இரண்டையும் பிடுங்கிப் பிரித்தேன். இரண்டிலும் சிவப்பு அரளி. ஐவரும் தலை குனிந்தார்கள். மச்சான் அவர்களை விரட்டுவார் என்று வாசலைத் திறந்து வைத்தேன்.

அவர் ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரெண்டும் உத்தரவுதான் வடிவு. வாசு கேட்ட கூலி உயர்வு பாதியில நிக்குது" என்றார்.

அழுதேன், காலைப் பிடித்தேன். கேட்கவில்லை. நீ வேண்டாமென்று ஒரு வரி எழுதினால் கேட்பார். வரும் திங்கட்கிழமை மனுவில் கையெழுத்து. இந்தக் கடிதம் கடல் தாண்ட அதற்குமேல் ஒரு வாரமாகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அக்கா
வடிவம்மாள்