நிறம் பார்த்து ஊற்றிய ஆயில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் நலம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. நீ வாங்கிய பழைய காரில் ஸ்டியரிங் திருப்பும்போது முனகல் கேட்கிறது, அப்பாவைக் கேட்டு ஆயில் ஊற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவைக் கேட்காதே மகளே.

பெயிண்ட் கடையில் முப்பத்தொரு வருடம் நிறம் கலந்தவன், சுவரில் பெயர்ந்த சில்லைக் காட்டினால் அதே நிறத்தை டப்பாவில் கொண்டுவந்துவிடுவேன் என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன். அந்தத் திமிர்தான். இரண்டு மாதத்துக்கு முன் நம் காரில் பவர் ஸ்டியரிங் ஆயில் அதன் சின்னத் தொட்டியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. எந்த ஆயில் என்று தொட்டி மூடியிலேயே பொறித்திருக்கிறது. நான் அதைப் படிக்காமல் விரலை விட்டு நிறம் பார்த்தேன். வெளிறிய தேன் நிறம், அலமாரியில் மிச்சமிருந்த பிரேக் ஆயிலும் அச்சு அசல் அதே நிறம், ஊற்றிவிட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டியரிங் கனத்துப்போனது. அம்மா தினமும் கிளினிக் வேலைக்கு அதில்தானே போய் வருவாள், ஒரு நாள் திருப்பத்தில் வண்டி வளையாமல் மதில் ஓரத்தை உரசிவிட்டது. "என் கையில தெம்பு போயிடுச்சுங்க" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். "வயசாகுதுல்ல" என்றேன் நான், பாவி. எனக்கும் கனமாகத்தான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள், சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து கைக்குத் தெம்பு வர ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

போன வாரம் மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிரேக் ஆயில் பட்டு ரப்பர் சீல் எல்லாம் உப்பிப்போச்சு, யாரு ஊத்துனது" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என் விரலைப் பார்த்தாரோ முகத்தைப் பார்த்தாரோ, "இது நிறம் பாத்து ஊத்துற சாமான் இல்ல சார்" என்றார். எல்லாவற்றையும் கழுவி, சீல் மாற்றி, சரியான ஆயில் ஊற்றிக் கொடுத்தார். இப்போது ஒரு விரலில் திரும்புகிறது. அம்மாதான் ஏற மாட்டேன் என்கிறாள்.

நீ மூடியையும் காரோடு வந்த புத்தகத்தையும் படித்து, அதில் போட்டிருப்பதை மட்டும் வாங்கு. ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே, மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதே. அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், மேலே மேலே ஊற்றிக்கொண்டிருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடு. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்காதே.

அம்மாவிடம் நேரில் சொல்ல நாலு தடவை வாய் எடுத்தேன், முடியவில்லை. என் கடிதத்தின் கீழே அவள் இரண்டு வரி எழுதுவாள் அல்லவா, அதனால் இதை ஒட்டாமல் மேசைமேல் வைக்கிறேன். எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. மூடியைப் படிக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

கண்ணு, படித்தேன். இத்தனை நாளும் என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அந்தக் கை. இதை நானே காரில் போய்த் தபாலில் போடுகிறேன். நானும் வருகிறேன் என்றார் உன் அப்பா. பஸ்ஸில் வரட்டும் என்றேன். — அம்மா