முந்திச் சொன்ன சாட்சி

ஜூன் 2, செவ்வாய்
கண்ணாடிக் கடையில் இன்று பதினொரு பேருக்குப் பார்வை சோதித்தேன். வீட்டுக்கு வந்தால் இவர் டாக்டர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் இருக்கும் கட்டியில் ஊசி போட்டுச் சோதிக்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமை. மூன்று நாள் உபவாசம் போதும் என்றேன். "அக்கா ஜெபிச்சா நடக்கும்" என்று சபையே சொல்கிறது, சும்மாவா? எங்கள் வீட்டில் ஜெபிப்பது நான், ஆமென் சொல்வது இவர்.

ஜூன் 4
ஊசியை ரத்து செய்தேன். போனில் நானேதான் பேசினேன்.

ஜூன் 7, ஞாயிறு
சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கட்டி கரைந்துவிட்டது என்றே சொன்னேன். விசுவாசித்தால் நடந்த மாதிரிதானே? ஒரே கைதட்டல். திரும்பும் வழியில் இவர், "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார். "அவிசுவாசமா பேசாதீங்க" என்று வாயை அடைத்தேன்.

ஜூன் 17
கரையவில்லை. இவர் தூங்கும்போது தொட்டுப் பார்த்தேன் — பெரிதாகியிருக்கிறதோ? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆண்டவரே, சபைக்கு முன்னால் என்னை வெட்கப்படுத்தாதேயும்.

ஜூன் 21, ஞாயிறு
பாட்டுக் குழுத் தங்கச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணனுக்கு முழுசா சரியாயிடுச்சாக்கா?" ஸ்தோத்திரம் என்றேன். இவர் பக்கத்தில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

ஜூன் 23
துவைக்கப் போட்ட சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை. இரண்டே மாத்திரை மிச்சம்.

"எப்போலேர்ந்து?"

"நீ சாட்சி சொன்னியே, அன்னைலேர்ந்து. உன் விசுவாசத்துக்குக் குறுக்க நிக்க வேணாம்னு பாத்தேன்."

ஐயோ, நான் என்ன மனுஷி. பதினாறு நாள் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலையே. இந்த நோட்டைப் புரட்டினேன். எல்லாம் என் உபவாசம், என் சாட்சி, என் வெட்கம். ஊரார் கண்ணைச் சோதிக்கிற எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தெரியவில்லை.

ஜூன் 24
ஊசி போட்டாயிற்று. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. "நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றார் இவர். அதுவும் எனக்காக. "இல்லைங்க, நான்தான் வரவிடலை" என்று சொல்லிவிட்டேன். முடிவு அடுத்த வாரம் வியாழக்கிழமை வருமாம்.

ஜூன் 28, ஞாயிறு
எழுந்து நின்றேன். கட்டி கரையவில்லை, நான் சொன்னது பொய், கடவுள் பெயரில் சொன்ன பொய் என்றேன். யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் தலை குனிந்திருந்தார். உட்காரப் போனபோது பாட்டுக் குழுத் தங்கச்சி நகர்ந்து இடம் விட்டாள்.

ஜூலை 1, புதன்
நாளை முடிவு.

காலையில் முழங்காலிட்டேன். வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷமாக ஆண்டவருக்கு வேலை ஏவிக்கொண்டிருந்தவள், இன்று அவர் முன்னால் இருக்கவே பயந்தேன். எழுந்திருக்கவும் மனமில்லை. இவர் வந்து மெல்லப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"பயமா இருக்கா உங்களுக்கு?"

"ரொம்ப."

"எனக்கும்."

இவர் ஜெபித்தார். "ஆண்டவரே, எங்களுக்குப் பயமா இருக்கு. கூடவே இரும்." அவ்வளவுதான். இவர் குரலில் ஜெபம் கேட்டது இதுவே முதல் தடவை.

ஆமென் சொன்னேன்.