வாத்துகள் தின்ற கீரை

9 ஆகஸ்ட் 2000, நகாசி

அம்மாவிடம் இன்று சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்தால்தான் நியூசிலாந்து விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறுவார். அதற்காக அம்மா சந்தையில் கீரையும் பாகற்காயும் குவியல் குவியலாக வாங்கி வருகிறாள். "முன்னெல்லாம் பாதி அழுகிப் போவும். இப்ப பாரு, ஒரு இலை வீணாவுல," என்று காலையில்கூடப் பெருமைப்பட்டாள்.

மத்தியானம் பாடம் முடிந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலியோரம் நின்று அப்பா தன் தட்டிலிருந்த கீரையை வாத்துகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மே மாதம் எங்கள் தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஆக்லாந்து போய்விட்ட பக்கத்து வீட்டார் விட்டுச்சென்ற வாத்துகள் அவை.

"கீரை பிடிக்கலையாப்பா?"

"கீரைக்கு என்ன, நல்லாத்தான் ஆக்குறா. அங்க போயி நான் என்னா பண்ணுவேன், பாப்பா? டெஸ்டுல தோத்துட்டா யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க இல்ல?"

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "கலவரத்துலேருந்து அம்மா தூங்குறதே இல்லப்பா," என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இரவு அப்பா பாகற்காயை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்டார்.