அம்மாவின் பாதித் தட்டு

அன்பு மகளுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நம்பமாட்டாய், தெரியும். நூலகத்து மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். கடைத்தெருவில் ஒவ்வொரு போர்டாக நின்று படிக்கிறேன்; உன் அம்மா என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறாள். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் இது கோபத்தில் எழுதும் கடிதம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழாமல் உன்னைத் திட்ட வேறு வழியில்லை.

போன மாதம் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே. செல்லுக்குச் சாப்பாடு குறைந்தால் வளர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்குமாம், பழுதுபார்க்கும் மரபணுக்கள் விழிக்குமாம். பாதி வயிறு சாப்பிடும் உன் எலிகள் சீக்கிரம் கிழடாவதில்லையாம். அம்மா, "எனக்கும் அப்படி ஆகுமா பாப்பா?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "உனக்கு மட்டும் வேறயாம்மா, எல்லாம் ஒரே செல்லுதான்" என்றாய். யாரோ கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாதித் தட்டுதான். இரவில் அதுவும் இல்லை. மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றியிருக்கிறாள். போன வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டாள். சதை கரைகிறது, விழுந்தால் எலும்பு தாங்காது என்றார் டாக்டர். வீட்டில் சாப்பாடு போடுவதில்லையா என்று என்னைக் கேட்டார். உன்னால் நான் வாங்கிய பேச்சு அது.

அவளிடம் சத்தம் போட்டேன். "டாக்டருக்கு என்ன தெரியும், என் பொண்ணு செல்லையே படிச்சவ" என்கிறாள். சலவை ஆலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். கரியைக் குறைத்தால் கொதிகலன் நெடுநாள் உழைக்கும், ஒப்புக்கொள்கிறேன். துணி வெளுக்க வேண்டாமா?

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நேற்று அழுத்திக் கேட்டேன். "ஆராய்ச்சி முடிஞ்சதும் வரேன்னு பாப்பா சொல்லியிருக்கால்ல. அதுவரைக்கும் நான் இருக்க வேணாமா?" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

போன வருடமும் இதைத்தான் சொன்னாய். அதற்கு முந்தின வருடமும் இதையேதான் சொன்னாய்.

இப்போது நீ போனில் என்ன சொன்னாலும், அப்பா மூட்டிவிட்டார் என்பாள். நேரில் வந்து அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடு. நீ மறுசோறு வாங்கினால் அவளும் வாங்குவாள். வேறு யார் சொல்லியும் அவள் கை நீளாது.

நீ நன்றாக இரு. உன் எலிகளும் நன்றாக இருக்கட்டும். இதற்குப் பதில் எழுதாதே. உன் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற சந்தோஷத்தில் என் கோபம் ஆறிவிடும். அது ஆறுவதற்குள் வந்துவிடு.

உன் அப்பா