கூட்டிச் சொன்ன சர்க்கரை அளவும் தள்ளிப்போன அறுவை சிகிச்சையும்

அனுப்புநர்:
பெ. ஆண்டி (வயது 71),
முன்னாள் லாரி ஓட்டுநர்,
கிணற்றடித் தெரு, ஜலகண்டாபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: கல்லீரல் அறுவை சிகிச்சைப் பட்டியலில் என் பெயர் நீக்கப்பட்டது – தவறு என்னுடையதே – மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கல்லீரலில் எலுமிச்சங்காய் அளவு கட்டி உள்ளது. சேலத்தில் எனக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில், ரோபோ எந்திரத்தால் எடுப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்ப, எந்திரக் கை வயிற்றுக்குள் வேலை செய்யுமாம். முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். டிரைவர் வண்டிக்கு வெளியே உட்கார்ந்து ஓட்டுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இருந்தாலும் சம்மதித்தேன்.

2. எந்திரம் எவ்வளவு நேர்த்தியாக அறுத்தாலும் ஆறவேண்டியது என் உடம்புதான் என்று டாக்டர் அறிவுச்செல்வி அம்மா தெளிவாகவே சொன்னார்கள். சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தால் ரத்தம் அதிகம் போகும், மிச்ச ஈரல் வளர்வதும் சிரமம். ஆகவே முதலில் சர்க்கரை, எடை, கொழுப்பு மூன்றையும் இறக்கச் சொன்னார்கள். வீட்டிலேயே சர்க்கரை பார்க்க ஒரு மீட்டரும் கொடுத்து, தினமும் காலை ஏழு மணிக்கு உணவு ஆலோசகர் வித்யா போனில் அளவு கேட்பார் என்றார்கள்.

3. இறக்கினேன் ஐயா. சோற்றை விட்டேன். களி ஓர் உருண்டை, கீரை, கொள்ளு ரசம். எட்டு கிலோ குறைந்தேன்.

4. தவறு இங்கேதான். 130 என்று சொன்னால், "சரிங்கய்யா, இப்படியே இருங்க" என்று அரை நிமிடத்தில் போன் நின்றுவிடும். ஒருநாள் விளையாட்டாக 280 என்றேன். பத்து நிமிடம் பேசினார். என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது, தூக்கம் வந்ததா என்றெல்லாம் கேட்டார். என் மனைவி கந்தம்மாள் காலமாகி நான்கு வருடம். மகன் கலையரசன் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். நான் தூங்கினேனா என்று கேட்க வேறு யாரும் இல்லை. மறுநாள் 310 ஆக்கினேன்.

5. பிறகு இல்லாத பங்காளி ஊட்டில் காதுகுத்து வைத்தேன். "ஏனுங்கய்யா, மைசூர்பாகு எத்தன?" என்றார். "மூணுதானுங்க சாமி. நாலாவதுக்குள்ள எலைய எடுத்துப்போட்டாங்க" என்றேன். "உங்களையெல்லாம் கட்டித்தான் போடோணும்" என்று திட்டினார். அவர் திட்டிய நாளில்தான் எனக்குக் களி தொண்டையில் இறங்கும். கூட்டிக்கொடுத்த மாத்திரையை மட்டும் விழுங்கவில்லை; அந்த அளவு விவரம் உண்டு. ஆபரேஷன் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. கட்டி இன்னும் ஒரு வாரம் பொறுக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

6. கடந்த ஜூலை 31 அன்று மீட்டரோடு வரச் சொன்னார்கள். டாக்டர் பொத்தானை அழுத்த, பழைய அளவெல்லாம் வரிசையாக வந்தது: 132, 127, 138. பக்கத்தில் நின்ற வித்யா, "அப்ப அந்தக் காதுகுத்து?" என்றார். "நடக்கலீங்க சாமி" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது.

7. ஆபரேஷனுக்குப் பின் வீட்டிலிருந்து நான் சொல்லும் அளவை வைத்துத்தான் மருந்து தருவார்களாம். என் வாயை நம்ப முடியாது, கூட இருக்க ஓர் ஆளோடு வாருங்கள் என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அது நியாயமே. ஆனால் அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் நான் 280 என்றே சொல்லியிருக்க மாட்டேன்.

8. ஆகவே தாங்கள் மருத்துவமனையாரிடம் பேசி என் பெயரைச் சேர்க்க உதவவேண்டும். எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளர் தினமும் வந்து மீட்டரை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். வித்யாவிடம் மருத்துவமனையார் விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறேன். அவர் மேல் குற்றம் துளியும் இல்லை.

போன் நின்று பதினோரு நாள் ஆகிறது. இன்று காலை ஏழு மணி அளவு 126. கேட்க ஆள் இல்லாததால் தங்களிடம் தெரிவித்துக்கொள்கிறேன். இது உண்மையான அளவு.

இடம்: ஜலகண்டாபுரம்
நாள்: 11.08.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பெ. ஆண்டி