அத்தருக்குச் சம்மதித்தவள்

ஆம்பூர், 1931

என்னை நிக்காஹ் செய்தவருக்கு ஸலாம்.

ஆள் அனுப்பிச் சொன்னீங்க, திரும்பி வர்றீங்கன்னு.

பெண் பார்க்க வந்த அன்னிக்கு நான் திரைக்குப் பின்னால நின்னேன். உங்க ரோஜா அத்தர் வாசம் என்னைக் கிறுக்காக்கிடுச்சு. "இவன் வேணாம்மா"ன்னு அத்தா கெஞ்சினார். நான்தான் அழுது அடம்பிடிச்சேன்.

அத்தா படுத்த படுக்கையானதும் தோல் பதனிடுற நம்ம ஷாப்பை நான் நடத்தினேன். நீங்க என்னடான்னா, "கிட்ட வராதே, தோல் நாத்தம் குடலைப் புடுங்குது"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு, மல்லிகை மணக்கும் பள்ளிகொண்டாக்காரி வீட்டுக்குப் போய்ட்டீங்க.

அப்புறம் எந்தத் தோல் மண்டியிலயும் உங்களுக்குக் கணக்கு வேலை கிடைக்கலையே, ஏன்னு யோசிச்சீங்களா? முதலாளிங்க வீடு வீடா நானே போய்ப் பேசினேன். சுண்ணாம்புக் குழியில இறங்கித் தோல் புரட்டுற வேலையை மட்டும் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

அந்த நாத்தத்தோட போய் நின்னதும் அவ கதவைச் சாத்திட்டாளாமே! கேட்டதும் என் வயிறு குளிர்ந்துச்சு.

வெள்ளிக்கிழமை வாங்க. குளிக்கக்கூட வேணாம், எனக்கு அந்த நாத்தம் பழகினதுதான். ஜமாஅத்துக்கு முன்னால தலாக் சொல்லிட்டுப் போயிடுங்க. சொல்லாம இழுத்தடிச்சா, சனிக்கிழமை அந்தக் குழி வேலையும் இருக்காது.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க பெண்சாதி